அரிதாரமும் ஆமணக்கெண்ணெயும்

நடிக்கப் போனவரை 'அரிதாரம் பூசிக்கொண்டவர்' என்று சொல்வது நம் வழக்கம். சினிமா நட்சத்திரத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினாலும் அந்தச் சொல் எப்படியாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த அரிதாரம் ஒரு கல் என்பதும், பாஷாண வகையில் சேர்ந்தது என்பதும் இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியுமோ! ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் தாது அது. உடைத்தால் பொன் தகடு மாதிரி ஏடு ஏடாகப் பிரியும். சித்த வைத்தியர்கள் சுத்தி செய்யாமல் அதை மருந்தில் சேர்ப்பதில்லை. கூத்துக்காரர்கள் அதையே அரைத்து, எண்ணெயில் குழைத்து, விடிய விடிய முகத்தில் வைத்திருந்தார்கள்.

வேடத்துக்கு வர்ணம் கூட்டுவதைப் பற்றி இந்த முறை எழுதலாம் என்று தோன்றியது. தொண்டூரில் இருந்துகொண்டு இதை எழுதாமல் வேறு யார் எழுதுவது? செஞ்சிச் சீமை கூத்துச் சீமை. செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரித் திரௌபதி அம்மன் கோயிலைத்தான் திரௌபதி வழிபாட்டின் மூலஸ்தானம் என்று பல ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஆல்ப் ஹில்டெபைட்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இங்கே வந்து, கூத்துக்காரர்களையும் பாரதப் பிரசங்கிகளையும் கேட்டு, 1988இல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். அதன் பெயரிலேயே செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று வரும். மாசியில் மேல்மலையனூரில் மயானக்கொள்ளை. அன்றைக்குக் காளி வேடம் போட்டு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே ஒரு வர்ணக்கடை ஊர்வலம் போவது போலிருக்கும். கோடை பிறந்தால் ஊருக்கு ஊர் பாரதம். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். அவன் தொடையிலிருந்து எடுக்கும் 'ரத்தம்' எது தெரியுமா? மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆலம். வர்ணம் கூட்டுவதில் நம் பாட்டிமார் கண்ட முதல் பாடம் அது: மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, சேர்த்தால் சிவப்பு.

கூத்தில் முகமூடி அபூர்வம். முகமே முகமூடி. தலைக்குக் கிரீடம், தோளுக்குப் புஜகீர்த்தி, மார்புக்குப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டியவை. அதனால்தான் கட்டை வேஷம் என்கிறார்கள். இரணியன் நாடகம் என்று வந்தால் மட்டும் நரசிம்மருக்குச் சிங்கமுகம் வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூர் பாகவத மேளாவில் அந்த முகமூடியைச் சாமியாகவே வைத்துப் பூஜை செய்கிறார்கள். அணிகிறவர் விரதம் இருப்பார். இந்தச் சிங்கமுகத்தைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

பழைய வர்ணப்பெட்டியில் இருந்தவை இவ்வளவுதான்: மஞ்சளுக்கு அரிதாரம், சிவப்புக்குச் சாதிலிங்கம் அல்லது செங்காவி, கறுப்புக்கு விளக்குக் கரி, நீலத்துக்கு அவுரி, வெள்ளைக்குச் சபேதா. பச்சைக்கென்று தனிப்பொடி கிடையாது. அரிதாரத்தோடு நீலத்தைக் கூட்டினால் பச்சை. கேரளத்துக் கதகளியின் அந்தப் பச்சை முகமும் இதே கணக்குத்தான். சாதிலிங்கம் பாதரசச் சரக்கு. சபேதா அந்த நாளில் ஈயம். ஆக, மேடையில் நிற்கிற ராஜாவின் முகத்தில் ஆர்சனிக், பாதரசம், ஈயம் மூன்றும் ஒரே நேரத்தில் இருந்திருக்கும். செங்காவியும் கரியும் மட்டும் சாதுக்கள்.

அவுரி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் தென்னாற்காடு மாவட்டம் ஒரு காலத்தில் அவுரிக்குப் பெயர் போனது. அந்த நீலம் தோய்த்த துணியைப் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் 'கினே' என்ற பெயரில் ஆப்பிரிக்காவின் செனகலுக்கு ஏற்றுமதி செய்தார்கள். அங்கே அந்தத் துணியைக் கொடுத்துப் பண்டமாற்றாக வாங்கியது பிசின். வேல மரத்துப் பிசின். ஐரோப்பாவின் நீர்வர்ணக் கட்டிகளையும் மையையும் பிடித்து நிறுத்தியது அந்தப் பிசின்தான். நம்மூர் நீலம் போய் வேற்றூர்ப் பசையை வாங்கி வந்த இந்தக் கதை, நான் சொல்ல வருவதற்கு ஒத்தாசையாக இருக்கிறது. 1897இல் ஜெர்மானியர்கள் தொழிற்சாலையில் செய்த நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதோடு அவுரி வயல்கள் போயின.

இனி வெள்ளைக்கு வருவோம். ஈயவெள்ளை பூசிப் பூசி வயிற்றுவலியும் கைகால் முடக்கமும் வந்து செத்தவர்களில் நடிகர்களைவிட வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் தொழிலாளிகள்தான் அதிகம். பாரிசில் லெக்ளேர் என்ற பெயின்டிங் காண்டிராக்டர், தன் ஆட்கள் இப்படிச் சாவதைப் பார்த்துப் பொறுக்காமல், 1840களில் ஈயத்தை விட்டுத் துத்தநாக வெள்ளைக்கு மாறினார். அதைத் தயாரித்து மற்றவர்களுக்கும் கொடுத்தார். லாபத்தில் தொழிலாளிகளுக்குப் பங்கு கொடுத்த முன்னோடிகளில் ஒருவர் என்றும் அவருக்குப் பெயர் உண்டு. பிரான்சு இதைச் சட்டமாக்க 1909 வரை ஆனது. நடைமுறைக்கு வந்தது 1915. பிறகு 1921இல் ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கையே போட்டது. ஒரு நல்ல காரியம் பட்டறையிலிருந்து அரசாங்கக் கெஜட்டுக்குப் போய்ச் சேர எழுபது வருஷம். குமாஸ்தாவாகக் காலம் தள்ளிய எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மேடைக்காரர்களுக்கு அதற்கு முன்பே விடிவு வந்துவிட்டது. பெர்லினில் லெய்ஷ்னர் என்பவர் சங்கீத நாடகத்தில் பாடுகிறவர். 1873இல் ஈயம் சேராத, கொழுப்பில் குழைத்த குச்சி வர்ணங்களை விற்க ஆரம்பித்தார். நம் ஆட்கள் 'முத்துவெள்ளை' என்று சொல்கிற பொடியும் அதே துத்தநாக வெள்ளைதான். தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்துப் பூசினால் வியர்வைக்கு அசையாது. கலைக்கும்போது இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் துடைத்தால் வந்துவிடும். பெட்டிக்குள் முத்துவெள்ளை வந்த பிறகுதான் ஒரு விஷம் வெளியேறியது என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். இன்றைக்குப் பொடிகள் எல்லாம் மாறிவிட்டன. அரிதாரம் என்ற பெயர் மட்டும் மிச்சம்.

பொடியை மட்டும் பார்த்தால் போதாது. எதில் குழைக்கிறோம், எதன் மேல் பூசுகிறோம் என்ற இரண்டும் பொருந்த வேண்டும். தோலுக்கு எண்ணெய். காகிதத்துக்குப் பிசின் அல்லது புளியங்கொட்டைப் பசை. மரத்துக்கு வார்னிஷ். இந்தப் பொருத்தம் தவறினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வர்ணமும் உதிர்ந்துதான் போகும்.

காகிதக் கூழை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, முறத்தின் மேலும் பானையின் மேலும் அப்பிக் காயவைத்துக் கூடை செய்வார்கள் நம் வீட்டுப் பெண்கள். பெரும்பாலான வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். புதுச்சேரியில் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கூழைப் பிரெஞ்சில் 'பப்பியே மாஷே' என்று எல்லோரும் சொல்கிறோம், மென்ற காகிதம் என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் இதைக் 'கார்த்தோன் பாத்' என்றும் சொல்வார்கள், அது வேறு விஷயம். கூழ் காய்ந்ததும் சுண்ணாம்புப் பொடியோ சாக்குப்பொடியோ பசையில் கலந்து ஒரு வெள்ளைப் பூச்சு. அது காய்ந்ததும் உப்புக் காகிதம் போட்டுத் தேய்க்க வேண்டும். அந்த வெள்ளையின் மேல்தான் நிறம் நிற்கும். பசையில் பூச்சி வராமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவது பைண்டிங் செய்கிறவர்கள் வழக்கம். எங்கள் ஆபீஸ் ரிஜிஸ்டர்களைத் தைத்து அட்டை போடுகிறவரும் அப்படித்தான் செய்வார். இந்தத் துத்தத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் எழுதவைத்தது ஒரு ரப்பர் சிங்கமுகம். எங்கள் பக்கத்துக் கூத்து ஜமாவில் இரணியன் நாடகத்துக்குப் பழைய சிங்கமுகம் ஒன்று உண்டு. காகிதமும் துணியும் புளியங்கொட்டைப் பசையில் அடுக்கடுக்காக ஒட்டியது. ஜமாக்காரரின் தகப்பனார் காலத்துச் சாமான். கனமாக இருக்கிறது, வாய் அசையவில்லை என்று மகன்காரர் பட்டணத்திலிருந்து ரப்பர் சிங்கமுகம் ஒன்று வாங்கி வந்துவிட்டார். நிறம் வெளிறி இருந்ததால், கதவுக்கு அடிக்கிற எனாமல் பெயின்டை எடுத்து அடித்தார். இரண்டு கூத்து தாங்கியது. மூன்றாவதில் தாடை மடிகிற இடமெல்லாம் வெடித்து, பாளம் பாளமாக விழ ஆரம்பித்தது. சரி, துடைத்துவிடலாம் என்று முகத்து வர்ணத்தைக் கலைக்கிற மாதிரியே தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தார்.

"சார், போன மாசியில வாங்கினது. இப்போ பாருங்க, அல்வா மாதிரி கையில ஒட்டுது" என்று கொண்டுவந்து திண்ணையில் வைத்தார்.

"தம்பி, இதுக்கு எண்ணெய் ஆகாது" என்றேன். இதைச் சொல்ல எனக்குக் கூத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ரப்பர் முத்திரை குத்தியவன் நான். பழைய புதுச்சேரி ஆட்கள் அதைத் 'தம்போன்' என்பார்கள். உலோக முத்திரைக்கு எண்ணெய் மை; ரப்பர் முத்திரைக்கு எண்ணெய் சேராத மை. மாற்றி ஊற்றினால் எழுத்து ஊதிப்போய், 'பெறப்பட்டது' என்பது படிக்க முடியாத ஒரு புள்ளியாகும். கோடையில் கோப்புக்குப் போட்ட ரப்பர் பேண்டு உருகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டதையும் கண்டிருக்கிறேன். ரப்பருக்கு எண்ணெய், வெயில் இரண்டும் எமன்.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் இருந்தது. உப்பு, இரும்பு, கண்ணாடி என்று பொருளுக்கு ஒரு பாடம். அதில் ரப்பரும் வரும். 'கவுச்சூ' என்று சொல்ல வேண்டும். எழுத்தில் கடைசியில் ஒரு 'க்' இருக்கும், அதை உச்சரித்தால் முசியேவுக்குக் கோபம் வரும். லா கோந்தாமீன் என்ற அறிஞர் பூமியை அளக்கத் தென் அமெரிக்கா போனவர், 1736இல் அந்த மரப்பாலின் மாதிரியைப் பாரிசு அகாடமிக்கு அனுப்பினார். அவர் ஊர் திரும்பி அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த நாட்களில்தான், 1750இல், புஸ்ஸி இங்கே செஞ்சிக்கோட்டையைப் பிடித்தார். பதினோரு வருஷம் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. அன்றைக்கு ரப்பர் ஒரு வேடிக்கைப் பொருள். வெயிலில் ஒட்டும், குளிரில் வெடிக்கும். 1839இல் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கி அதைப் பக்குவப்படுத்திய பிறகுதான் உபயோகத்துக்கு வந்தது.

முகத்துக்கு ரப்பர் வந்தது சினிமாவால். 1939இல் ஹாலிவுட்டில் எடுத்த 'விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் வைக்கோல் பொம்மை வேடத்துக்கு ரப்பர் முகம். அந்த நடிகர் முகத்தில் அது பதித்த கோடுகள் வெகுநாள் மறையவில்லையாம். அதே படத்தில் தகர மனிதனாக முதலில் போட்டவருக்கு அலுமினியப் பொடியைத் தூவினார்கள். அது நுரையீரலுக்குள் போய் அவர் ஆஸ்பத்திரியில் படுத்தார். வேடம் அடுத்தவருக்குப் போனது. அவருக்கு அதே அலுமினியத்தைப் பசையாகக் குழைத்துப் பூசினார்கள், நுரையீரலுக்குள் போகவில்லை. சரக்கு ஒன்றுதான், குழைத்த விதம் வேறு. நம் பக்கத்தில் 1996இல் 'இந்தியன்', 'அவ்வை சண்முகி' இரண்டிலும் கமல்ஹாசனுக்கு மைக்கேல் வெஸ்ட்மோர் வந்து முகம் ஒட்டினார். 2008இல் 'தசாவதார'த்துக்கும் அவரே. சண்முகி என்ற பெயர் நாடக மேடையில் ஔவையாராக வந்த டி.கே. சண்முகம் அவர்களுக்குச் செய்த மரியாதை. அந்த டி.கே.எஸ். சகோதரர்கள் பால பாடம் கற்றது சங்கரதாஸ் சுவாமிகளிடம். சுவாமிகளின் சமாதி எங்கள் புதுச்சேரிக் கருவடிக்குப்பத்தில் இருக்கிறது.

ரப்பர் முகத்துக்கு வர்ணம் கூட்டுகிற ஹாலிவுட்காரர்கள், மண்ணெண்ணெய் வகை எண்ணெய்கள் ரப்பரை ஊதவைக்கின்றன என்று கண்டு, அதற்கென்று தனி வர்ணம் செய்தார்கள். அதைக் குழைக்கும் எண்ணெய் எது என்று படித்தபோது சிரிப்பு வந்தது. விளக்கெண்ணெய்! நம் வரப்பில் நிற்கிற ஆமணக்கு. இந்த எண்ணெய் ரப்பரோடு சண்டை போடாமல் இருக்கிறது. பழைய மோட்டார் கார்களின் பிரேக்கில் ரப்பர் வாஷர் கெடாமல் இருக்கவும் விளக்கெண்ணெயும் சாராயமும் கலந்து ஊற்றினார்களாம். கூத்துக்காரர் தேங்காயெண்ணெய்க்குப் பதில் பேதிக்கு வைத்திருந்த எண்ணெயை எடுத்திருந்தால் சிங்கமுகம் பிழைத்திருக்கும்.

அந்த முகம் தேறவில்லை. புதிதாகச் செய்வது என்று முடிவாயிற்று. பழைய காகிதச் சிங்கமுகத்தின் மேல் பிளாஸ்டர் போட்டு அச்சு எடுக்க வேண்டாம், பழசு போய்விடும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். களிமண்ணில் அதைப் பார்த்து ஒரு நகல் வைத்தார்கள். அதன் மேல் பிளாஸ்டர் அச்சு. ரப்பர் பால், நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இறக்குவது மாதிரியானதுதான். கெட்டிப்படாமல் இருக்க அம்மோனியா சேர்த்து டப்பாவில் வருகிறது. திறந்தால் மூக்கைத் துளைக்கும், வெளியில் வைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும். அச்சுக்குள் பாலை ஊற்றினால் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஓரத்தில் தோல் மாதிரி படியும். மிச்சப் பாலை வடித்துவிட்டுக் காயவைத்து, முகப்பவுடர் தூவி உரிக்க வேண்டும். பவுடர் இல்லையென்றால் ரப்பர் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது.

வர்ணத்துக்குப் பழைய பெட்டியையே எடுத்தோம். அடி நிறத்தைப் பாலிலேயே கலந்துவிடுவது உத்தமம்; அப்போது நிறமும் ரப்பரோடு சேர்ந்து நீளும், வெடிக்காது. செங்காவிப் பொடியை நேரே பாலில் கொட்டினால் தயிர் மாதிரி திரிந்துவிடும். முதலில் தண்ணீரில் மைபோலக் குழைத்து, ஒரு சொட்டு அம்மோனியா விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். புளிப்புச் சமாசாரம் எதுவும் கிட்டே வரக்கூடாது. பால் வெள்ளையாக இருப்பதால் கலந்தவுடன் நிறம் வெளிறித் தெரியும். அதைப் பார்த்து இன்னும் பொடி போடுவது எல்லோரும் செய்கிற காரியம். காய்ந்தால் ரப்பர் தேன் நிறமாகத் தெளியும், நிறம் ஒரு படி இருட்டிவிடும். ஆகவே ஒரு கண்ணாடித் துண்டில் தடவி, காயவிட்டுப் பார்த்து, அப்புறம்தான் அடுத்த சிட்டிகை.

மேலே வருகிற கோடுகளுக்கு, புருவம், மூக்குமடல், பல்லின் ஓரம் இவற்றுக்கெல்லாம், சைக்கிள் கடைப் பஞ்சர் சொல்யூஷன் கைகொடுத்தது. அது பெட்ரோல் வகைத் திரவத்தில் கரைத்த ரப்பர்தானே. படம் வரைகிற குழாய் வர்ணத்தைத் துளி எடுத்து அதில் குழைத்தால் ரப்பரோடு ரப்பராகப் பிடித்துக்கொள்கிறது. பக்கத்தில் பீடி பற்றவைக்கக்கூடாது. வாசனை முழுக்கப் போகிறவரை முகத்தில் மாட்டவும் கூடாது. சிலர் தோலுக்கு ரப்பரே ஒத்துக்கொள்ளாது, தடித்துச் சிவக்கும். அதனால் மாட்டுகிறவரின் முழங்கையில் ஒரு துண்டு ரப்பரை ஒரு நாள் கட்டிப் பார்த்தோம்.

பழைய பெட்டியில் எது ரப்பருக்கு ஆகும், எது ஆகாது என்று பார்த்தபோது ஓர் ஒற்றுமை கிடைத்தது. கரி ரப்பரை வெயிலிலிருந்து காக்கும். டயர் கறுப்பாக இருப்பதன் காரணங்களில் அதுவும் ஒன்று. முத்துவெள்ளை, தொழிற்சாலையில் ரப்பரைப் பக்குவப்படுத்தும்போது கந்தகத்துக்குத் துணையாகச் சேர்க்கிற அதே துத்தநாகப் பொடி. ஆனாலும் பாலில் அளவு மிஞ்சினால் கெட்டிப்படும், கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும். செங்காவி சாது. பெட்டிக்கு வெளியிலிருந்து வந்த எதிரி மயில்துத்தம். செம்பு துளி பட்டாலும் ரப்பர் நாளடைவில் பொடிந்துபோகும். கடையில் கிடைக்கிற பச்சைகளில் செம்பு சேர்ந்தவை உண்டு, தெரியாமல் வாங்கக்கூடாது. நாங்கள் மஞ்சள் காவியோடு நீலத்தைக் கூட்டிக்கொண்டோம். கூத்துக்காரரின் அம்மா, பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் போடுங்கள் என்று அன்போடு கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி, பழைய காகிதமுகத்துக்கான பசையில் போட்டோம்.

முத்துவெள்ளை முகத்தைத் தேடி வெளிநாட்டாரும் வருகிறார்கள். பாரிசில் ஆரியான் முனூஷ்கின் அம்மையாரின் நாடகக் குழு 2016இல் 'இந்தியாவில் ஓர் அறை' என்ற நாடகத்தைப் போட்டது. அதில் நம் தெருக்கூத்து வருகிறது. புரிசை சம்பந்தத் தம்பிரான் கற்றுக்கொடுத்தார். அந்த மேடையில் ரப்பர் முகம் இல்லை. வாரிசுக்கு வாரிசு வந்த கட்டை வேஷமும் பூசிய முகமும்தான் அங்கே போயின. ரப்பர் நரசிம்மரைப் பற்றி இதைச் சொல்லி ஜமாக்காரரிடம் கேலி செய்தேன். "வாய் அசையணும் சார், அசைஞ்சாத்தான் புள்ளைங்க பயப்படுவாங்க" என்றார். அதுவும் நியாயம்தான்.

இப்போது இரண்டு சிங்கமுகங்களும் அவர் வீட்டில் இருக்கின்றன. காகிதத்தது பூஜை அலமாரியில். ரப்பர் உள்ளே பழைய பேப்பரைத் திணித்து, பவுடர் தூவி, வெயில் படாத பரணில். விளக்கெண்ணெய் பாட்டில் ஒன்றும் வேடப்பெட்டிக்குள் சேர்ந்திருக்கிறது, தேங்காயெண்ணெய் பாட்டிலோடு குழம்பிவிடாமல் இருக்கக் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி.